வெளிப்படுத்தல் 9-ம் அதிகாரத்தின் வெட்டுக்கிளிகள் இஸ்லாமா? (விவாத இழை)

குமரித்தென்றல் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் போன மாதம் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கடைசி இரவு முழுக்க வெளிப்படுத்தின விசேஷம் 9-ம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். பாதாளக்குழியிலிருந்து எழும்பும் புகை இஸ்லாம், அந்தப் புகையிலிருந்து புறப்படும் வெட்டுக்கிளிகள் அரபுப் படைகள், ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதியில் கட்டப்பட்டிருந்த நான்கு தூதர்கள் துருக்கியர், கடைசி நாட்களில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்துவும் அந்தப் பக்கமிருந்துதான் வருவான் என்றார். கூட்டம் முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.

ஒலிபெருக்கி ஒன்றைத் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தோம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம், இருபது வருடத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் காலையில் நான் வண்டியை எடுக்கும்போது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, ராத்திரி வெட்டுக்கிளின்னு சொன்னது எங்களைத்தானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

சபையில் வாலிபர் வேதபாடம் நான்தான் நடத்துகிறேன். பிள்ளைகளும் இதையே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது? வேதம் உண்மையில் இஸ்லாமைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? படித்தவர்கள் உதவுங்கள்.

எக்காளம் எழுதியது:

சகோதரரே, பிரசங்கியார் இதைத் தன் சொந்த யோசனையில் சொல்லவில்லை. 1627-ல் எழுதிய ஜோசப் மீட் முதல் ஐசக் நியூட்டன் வரை (ஆமாம், அதே விஞ்ஞானி நியூட்டன்தான்) எத்தனையோ பக்தியுள்ள சீர்திருத்த அறிஞர்கள் இப்படித்தான் வாசித்தார்கள். காரணமும் இருக்கிறது.

பூமியின் புல்லையும் மரத்தையும் சேதப்படுத்தக்கூடாது என்று வெட்டுக்கிளிகளுக்குக் கட்டளை கொடுக்கப்படுகிறது. வெட்டுக்கிளிக்கு இது இயல்பே இல்லை. முதல் கலீபா அபூபக்கர் தம் படைக்குக் கொடுத்த கட்டளையாக வரலாற்றில் வருவதைப் பாருங்கள்: பேரீச்ச மரங்களை வெட்டாதீர்கள், கனிமரங்களை அழிக்காதீர்கள். அப்புறம் ஐந்து மாதம். மாதத்துக்கு 30 நாளாக 150 நாள், ஒரு நாள் ஒரு வருஷம் என்ற கணக்கில் 150 வருஷம். 612-ல் தொடங்கினால் 762, அதாவது பாக்தாத் கட்டப்பட்டு அரபுப் படையெடுப்பின் வேகம் தணிந்த காலம்.

அதே அதிகாரத்தில் ஆறாம் தூதன் எக்காளம் ஊதுகிற இடத்தில் "ஒரு மணிநேரத்திற்கும், ஒரு நாளுக்கும், ஒரு மாதத்திற்கும், ஒரு வருஷத்திற்கும்" என்று வருகிறது. 360, 30, 1 சேர்த்தால் 391 வருஷம், அந்த ஒரு மணிநேரத்துக்கு 15 நாள். அமெரிக்க மெதடிஸ்ட் போதகர் ஜோசையா லிட்ச் இதை வைத்துத் துருக்கியர் அதிகாரம் 1840 ஆகஸ்டில் விழும் என்று 1838-லேயே எழுதினார். துருக்கியப் பேரரசை நிறுவிய ஒஸ்மான் நிக்கோமீதியா நாட்டுக்குள் நுழைந்த 1299 ஜூலை 27-லிருந்து 150 வருஷம், பிறகு 391 வருஷம் 15 நாள் கூட்டினால் 1840 ஆகஸ்ட் 11 வருகிறது. அந்த மாதத்தில் துருக்கி சுல்தான் ஐரோப்பிய வல்லரசுகளின் கைக்குள் போனார். இதைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது?

எதிர்வீட்டாரின் மனம் நோகக்கூடாதுதான். அதற்காக வசனத்தை மறைக்கவும் கூடாது.

பழையஏடு எழுதியது:

எக்காளம் அண்ணே, இந்தக் கணக்கை நானும் ஒரு காலத்தில் நோட்டில் போட்டு வைத்திருந்தேன். வாலிபர் கூட்டத்தில் பலகையில் எழுதிக்கூடக் காட்டியிருக்கிறேன். அதனால் இதை எதிர்க்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் தொடக்கத் தேதி. லிட்ச் அதை ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனின் ரோம வரலாற்றிலிருந்து எடுத்தார். ஒஸ்மான் அங்கே நுழைந்து நடத்திய போர் 1299-ல் இல்லை, 1302 ஜூலை 27-ல் என்றுதான் இன்றைய வரலாற்றாசிரியர்கள் வைக்கிறார்கள். மூன்று வருஷம் நகர்ந்தால் நாள் சுத்தமாகச் சொன்ன கணக்கு என்ன ஆகும்? அடுத்தது முடிவுத் தேதி. 1840 ஆகஸ்டில் நடந்தது எகிப்து ஆளுநர் முகம்மது அலியோடு சுல்தானுக்கு இருந்த சண்டை. பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா நான்கும் ஜூலை 15-ல் லண்டனில் சுல்தானுக்குச் சாதகமாக ஒரு ஒப்பந்தம் போட்டன. முகம்மது அலிக்கு விடுத்த இறுதி எச்சரிக்கையைச் சுல்தானின் தூதர் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோனார். சுல்தான் ஆட்சி அதற்குப் பிறகும் 82 வருஷம் நின்று 1922-ல்தான் ஒழிந்தது. கலீபா பதவி போனது 1924 மார்ச் 3-ல். இன்னொன்று, இதே லிட்ச் இருந்த மில்லர் இயக்கம்தான் கிறிஸ்து 1844 அக்டோபர் 22-ல் வருவார் என்று காத்திருந்து கண்ணீரோடு வீடு திரும்பியது.

அண்ணே, நீங்களே கவனித்திருப்பீர்கள். ஒரே ஐந்து மாதத்தை முதலில் 612 முதல் 762 வரை வைத்தீர்கள், பிறகு 1299 முதல் 1449 வரை வைத்தீர்கள். எந்தக் கதவுக்கும் பொருந்துகிற சாவி எந்தக் கதவுக்கும் சொந்தமில்லை.

இந்தப் பழக்கம் மீட் காலத்தில் தொடங்கியதும் இல்லை. 634 கிறிஸ்துமஸ் அன்று எருசலேம் பிஷப் சொப்ரோனியு ஒரு பிரசங்கம் செய்தார். ஆறு மைலுக்குள் இருக்கிற பெத்லகேமுக்குப் போக முடியவில்லை, வழியெல்லாம் சரசேனர் (அரபியர்) என்று அழுகிறார். ஆனால் அவர் வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் எண்ணைத் தேடவில்லை, நம் பாவத்தால் வந்தது, மனந்திரும்புவோம் என்றார். 690-ஐ ஒட்டி சீரிய மொழியில் மெத்தோடியு என்ற பழைய ஆயரின் பெயரைப் போட்டு ஒருவர் ஒரு வெளிப்பாட்டு நூல் எழுதினார். சீக்கிரமே ஒரு ரோமப் பேரரசன் எழும்பி இஸ்மவேல் புத்திரரை (அரபியரை) முறியடிப்பான், பிறகு முடிவு வரும் என்றது அது. அப்படி ஒரு அரசனும் எழும்பவில்லை. ஆனால் அந்த நூல் சாகவில்லை. 800 வருஷம் கழித்துத் துருக்கியர் பயம் வந்தபோது 1498-ல் பாசெல் நகரில் அதையே படம் போட்டு அச்சிட்டார்கள்.

போப் மூன்றாம் இன்னொசென்ட் 1213-ல் சிலுவைப் போருக்கு அழைத்தபோது, மிருகத்தின் எண் 666, அதில் ஏறக்குறைய 600 வருஷம் கழிந்துவிட்டது என்று எழுதினார். அந்தக் கணக்குப்படி 1280-களில் இஸ்லாம் முடிந்திருக்க வேண்டும். 1291-ல் சிலுவைப் போர்வீரர் கையிலிருந்த கடைசிப் பெரிய நகரமான ஆக்கர்தான் விழுந்தது.

எசேக்கியேல் 38-ல் இஸ்ரவேலின்மேல் படையெடுத்து வரும் கோகும் அப்படித்தான். 4-ம் நூற்றாண்டில் அம்புரோசு அது கோத்தியர் என்றார். பிறகு அரபியர் என்றார்கள், மங்கோலியர் என்றார்கள். சீர்திருத்தவாதி லூத்தர் துருக்கியர் என்றார். போன நூற்றாண்டில் ரஷ்யா. அகுஸ்தீன் மட்டும், அதை ஏதோ ஒரு ஜாதியின் பெயராக வாசிக்காதீர்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார். வாசலில் வாள் நிற்கும்போது பயந்து எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. பத்திரமான ஊரில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு நாம் அதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது.

மணல்காற்று எழுதியது:

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து 14 வருஷம் ஆகிறது. ரூவியில் சுல்தான் கொடுத்த நிலத்தில் நிற்கிற ஆலய வளாகத்தில்தான் வெள்ளிக்கிழமை ஆராதனை. ஒரு முஸ்லிம் மன்னர் கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு வெளி. 9-ஐ அந்தப் பிரசங்கியார் மாதிரி பேச எனக்கு நாக்கு வராது. இங்குள்ள சட்டதிட்டங்கள் நம் ஊர் மாதிரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும், அதை மறைக்கவில்லை.

பழையஏடு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓமானுக்கு அந்தக் காலத்தில் மாசூன் என்று பெயர். இங்கே ஒரு திருச்சபை இருந்தது. கிழக்குச் சபையின் (பாரசீக நாட்டை மையமாகக் கொண்டிருந்த பழைய திருச்சபை) தலைவராக 649 முதல் 659 வரை இருந்த மூன்றாம் ஈஷோயாபின் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இந்த அரபியர் நம் விசுவாசத்தை எதிர்ப்பதில்லை, நம் குருமாரை மதிக்கிறார்கள், ஆலயங்களுக்கும் மடங்களுக்கும் உதவி செய்கிறார்கள் என்று எழுதுகிறார். அப்படியிருக்க மாசூன் மக்கள் ஏன் விசுவாசத்தை விட்டார்கள் என்று கேட்டு அழுகிறார். வாளுக்குப் பயந்து இல்லையாம். சொத்தில் பாதியைக் கொடுத்தால் விசுவாசத்தை வைத்துக்கொள்ளலாம் என்றபோது, பாதிச் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டு விசுவாசத்தைக் கொடுத்துவிட்டார்களாம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் இங்கே பணத்துக்காக வந்தவன்தான். அந்தச் சபையைத் தின்ற வெட்டுக்கிளி வெளியிலிருந்து வரவில்லை என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

எக்காளம் எழுதியது:

பழையஏடு தம்பி, 1302 தேதி விஷயம் எனக்குப் புதிது. சரிபார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான். லிட்சின் கணக்கை இனி நான் மேடையில் பயன்படுத்த மாட்டேன்.

ஆனால் கணக்கு தவறியதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. லூத்தரை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். 1529-ல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டார்கள். அடுத்த வருஷமே தானியேலுக்கு எழுதிய முன்னுரையில், 7-ம் அதிகாரத்தின் சின்னக் கொம்பு துருக்கியரே, அது பிடுங்கிய மூன்று கொம்புகள் எகிப்து, ஆசியா, கிரேக்கு என்று லூத்தர் எழுதினார். பயத்தில் மட்டும் எழுதுகிற மனிதர் இல்லை அவர். அவருக்கு 800 வருஷம் முன்னால், சபைப்பிதா தமஸ்கு யோவான் இஸ்லாமை அந்திக்கிறிஸ்துவுக்கு முன்னோடி என்றே எழுதினார். அவர் தாத்தா தமஸ்குவின் அதிகாரி, குடும்பமே கலீபாவின் கருவூலத்தில் வேலை செய்தது. இஸ்லாமைத் தூரத்திலிருந்து பார்த்தவர் இல்லை. இவர்கள் எல்லாரும் தவறு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பழையஏடு எழுதியது:

அண்ணே, லூத்தரின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள். துருக்கியர் கடவுளுடைய பிரம்பு, முதலில் நாம் மனந்திரும்பவேண்டும் என்றார். துருக்கியரோடு போரிடுவது கடவுளின் தண்டனையை எதிர்ப்பது என்று 1518-ல் எழுதியதை 1520-ல் போப் கண்டனப் பட்டியலில் சேர்த்தார். வியன்னா காலத்தில் போரை ஒத்துக்கொண்டபோதும், அது நாட்டைக் காக்க அரசன் செய்யும் வேலை, சிலுவையின் பெயரில் செய்யக்கூடாது என்றார். இன்னொன்று, குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பை அச்சிட்டதற்காக பாசெல் நகர மன்றம் 1542-ல் அச்சகர் ஒப்போரினுவைச் சிறையில் வைத்தது. அதை வெளியிட விடுங்கள் என்று கடிதம் எழுதியவர் லூத்தர். 1543-ல் நூல் வந்தது. இஸ்லாமை மறுக்க வேண்டுமானால் முதலில் அதைப் படியுங்கள் என்பது அவர் நிலை. நம் பிரசங்கியார்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்?

ரூத்தின்வயல் எழுதியது:

இவ்வளவு நேரமும் தானியேலிலும் வெளிப்படுத்தலிலும் நிற்கிறோம். அரபியரின் மூதாதை என்று சொல்லப்படுகிற, ஆபிரகாமின் மகன் இஸ்மவேலை வேதம் பெயர் சொல்லிப் பேசுகிற இடத்துக்கு ஒருவரும் போகவில்லையே.

வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருஷம் எபிரெயம் படித்தேன். அதில் என்னை அசைத்த ஒரு வார்த்தையைச் சொல்கிறேன். ஆதியாகமம் 16:12 நம் பழைய தமிழ் வேதத்தில் "அவன் துஷ்டமனுஷனாயிருப்பான்" என்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் மனப்பாடம். எபிரெயத்தில் இருப்பது பெரே ஆதாம், அதாவது காட்டுக்கழுதை போன்ற மனிதன். நமக்குக் கழுதை என்றால் திட்டு. அங்கே அப்படி இல்லை. இதே பெரே யோபு 39-ல் வருகிறது. "காட்டுக்கழுதையைத் தன்னிச்சையாய்த் திரியவிட்டவர் யார்?" என்று கடவுளே கேட்கிறார். பட்டணத்தின் இரைச்சலை அலட்சியம் பண்ணி, ஓட்டுகிறவனின் கூக்குரலைக் கேளாமல், வனாந்தரத்தில் சுயாதீனமாகத் திரிகிற ஜீவன். அடிமைப்பெண்ணாக ஓடிவந்து துரவண்டையில் (கிணற்றருகே) உட்கார்ந்திருந்த ஆகாரிடம், உன் மகனை ஒருவரும் நுகத்தில் பூட்ட முடியாது என்று சொல்லப்பட்டால் அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! துஷ்டன் பிறப்பான் என்ற செய்தியைக் கேட்டவள் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று ஆராதிப்பாளா?

வசனத்தில் மோதலே இல்லை என்று சொல்லவில்லை. அவன் கை எல்லாருக்கும் விரோதமாக, எல்லார் கையும் அவனுக்கு விரோதமாக என்றும் இருக்கிறது. ஆனால் அடுத்ததைப் பாருங்கள். "தன் சகோதரர் எல்லாருக்கும் எதிராகக் குடியிருப்பான்." எபிரெயத்தில் இருக்கிற சொல் முகத்துக்கு முன்பாக என்பது, கண்ணெதிரே என்று வைத்துக்கொள்ளலாம். குமரித்தென்றல் தம்பி, உங்கள் மாமா இருப்பது எதிர்வீடு. அதற்கு எதிரி வீடு என்று அர்த்தமா?

அப்புறம் 17:20-க்கு வாருங்கள். இஸ்மவேலுக்காக ஆபிரகாம் ஜெபித்தான். உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், அவனை ஆசீர்வதிப்பேன், பன்னிரண்டு பிரபுக்களைப் பெறுவான் என்று பதில் வந்தது. உடன்படிக்கை ஈசாக்கோடு. அதை நான் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. ஆனால் ஆசீர்வாதம் என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது. இஸ்மவேலின் முதல் இரண்டு மகன்கள் நெபாயோத், கேதார். அந்தப் பெயர்கள் ஏசாயா 60:7-ல் மறுபடி வருகின்றன. "கேதாரின் ஆடுகளெல்லாம் உன்னிடத்தில் சேர்க்கப்படும், நெபாயோத்தின் கடாக்கள் உன்னைச் சேவித்து" என் பலிபீடத்தின்மேல் ஏறும் என்கிறார். சீயோனின் மகிமையைப் பற்றிய தீர்க்கதரிசனத்தில் இஸ்மவேலின் பிள்ளைகள் காணிக்கையோடு வருகிறார்கள். இது தீர்க்கதரிசனம் இல்லையா? இதை எந்தக் கூட்டத்திலாவது ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறீர்களா?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இஸ்மவேல் என்றாலே இஸ்லாம் என்று நேர்கோடு போட முடியாது. உலகத்தில் முஸ்லிம்கள் மிக அதிகம் இருக்கிற நாடுகளில் ஒன்று இந்தோனேசியா, அவர்கள் அரபியர் இல்லை. அரபி பேசுகிற கிறிஸ்தவர்கள் எகிப்திலும் லெபனோனிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாளிலேயே, அப்போஸ்தலர் 2:11-ல், அரபியர் நின்று கேட்டார்கள்.

காயல்அலை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரர்களே. நான் முஸ்லிம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குமரித்தென்றல் தம்பியின் முதல் பதிவு எழுத வைத்துவிட்டது.

எங்கள் பக்கமும் சும்மா இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பேச்சாளர்கள் உங்கள் வேதத்தைக் கையில் எடுத்து, உபாகமம் 18:18-ல் மோசேயைப் போல வரும் நபி எங்கள் நபிதான், யோவான் 14:16-ன் தேற்றரவாளனும் அவர்தான் என்பார்கள். உங்கள் ஆட்களுக்கு அதைக் கேட்கும்போது இருக்கிற மனவருத்தம்தான் அந்த மாமாவுக்கும் இருந்திருக்கும்.

குர்ஆனில் ரோமர் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது, 30-வது. கிறிஸ்தவ ரோமர்கள் தோற்றுவிட்டார்கள், ஆனால் சில ஆண்டுகளில் ஜெயிப்பார்கள், அன்று முஃமின்கள் (விசுவாசிகள்) மகிழ்வார்கள் என்று தொடங்குகிறது. 614-ல் பாரசீகர் எருசலேமைப் பிடித்தார்கள், 627-ல் நினிவேக்கு அருகே ரோமப் பேரரசர் ஹெராக்ளியு அவர்களை வென்றார். உங்கள் வெற்றி எங்களுக்கு நற்செய்தியாகச் சொல்லப்பட்ட காலம் அது. ஈசா நபி (இயேசு) மறுபடி இறங்கி வருவார், லுத் ஊர் வாசலில் தஜ்ஜாலைக் கொல்வார் என்று நாங்களும் நம்புகிறோம். நீங்கள் அந்திக்கிறிஸ்து என்று சொல்கிறவனுக்குப் பயப்படுகிறவர்கள்தான் நாங்களும்.

ஒரு சந்தேகம். ஏசாயா 21:7-ல் கழுதைமேல் வருகிறவரும் ஒட்டகத்தின்மேல் வருகிறவரும் சொல்லப்படுகிறார்கள். முதலாமவர் ஈசா, அடுத்தவர் எங்கள் நபி என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இதற்கு உங்கள் பதில் என்ன? வாதத்துக்குக் கேட்கவில்லை.

பழையஏடு எழுதியது:

வ அலைக்கும் ஸலாம், பாய். நீங்கள் எழுதியதில் ரொம்ப சந்தோஷம். நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஒரு கலீபாவே கேட்டிருக்கிறார்.

781 வாக்கில் பாக்தாத்தில் கலீபா அல் மஹ்தி, கிழக்குச் சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயுவை அழைத்து இரண்டு நாள் பேசினார். (இந்தியாவில் இருந்த தோமா கிறிஸ்தவர்களும் அன்று இந்தத் திமோத்தேயுவின் மேய்ப்பின் கீழ்தான்.) கழுதையும் ஒட்டகமும் யார் என்று கலீபா கேட்டார். கழுதை மேதியனாகிய தரியு, ஒட்டகம் பெர்சியனாகிய கோரேசு என்றார் திமோத்தேயு. அந்த அதிகாரம் பாபிலோன் விழுந்ததைச் சொல்கிறது, 9-ம் வசனத்தில் அது வெளிப்படையாகவே இருக்கிறது, ஆகவே ஏலாமும் மேதியாவும் வருகிற இடத்தில் வேறு ஆளைத் தேட வேண்டாம் என்பது அவர் வாதம். தேற்றரவாளன் என்பது பரிசுத்த ஆவியே என்றும் சொன்னார். எங்கள் வேதத்தில் உங்கள் நபியைப் பற்றி முன்னறிவிப்பு இல்லை என்று கலீபாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஆனால் முகம்மதுவைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டபோது, அவர் புகழ்ச்சிக்குத் தகுந்தவர், தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தார் என்றார். விக்கிரகங்களை விட்டு ஒரே கடவுளிடம் மக்களைத் திருப்பினார் அல்லவா என்பது காரணம். தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை, பாதையில் நடந்தார் என்றார். அந்த நுட்பத்தைக் கவனியுங்கள். திரித்துவத்தையோ குமாரனையோ அவர் ஒரு வரி விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரு உவமை சொன்னார். இரவில், இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுந்துவிட்டது. எல்லாரும் தடவித் தேடுகிறார்கள். ஒருவன் கையில் முத்து, மற்றவர்கள் கையில் கண்ணாடித் துண்டோ மண்கட்டியோ. எல்லாரும் தம் கையில்தான் முத்து என்று மகிழ்கிறார்கள். விடிந்தபிறகு தெரியும். முத்து எங்கள் கையில் இருக்கிறது என்று நம்புகிறேன் என்று சொல்லி முடித்தார். பாய், நானும் அப்படித்தான் நம்புகிறேன். அதைச் சொல்ல உங்களை வெட்டுக்கிளி ஆக்கத் தேவையில்லை.

எக்காளம் எழுதியது:

காயல்அலை சகோதரரே, வந்ததற்கு நன்றி. நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு என் முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். மனிதர்களை வெட்டுக்கிளி என்று சொன்னது தவறு. மன்னியுங்கள்.

உபதேசம் பற்றிய வித்தியாசத்தை மட்டும் நான் மென்மையாக்க முடியாது. நீங்கள் எதிர்பார்க்கிற ஈசா சிலுவையை உடைப்பார் என்று உங்கள் ஹதீஸ் சொல்கிறது. குர்ஆன் 4:157 அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது. எனக்கு அந்தச் சிலுவை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. 1 யோவான் 2:22 பிதாவையும் குமாரனையும் மறுதலிக்கிறவனே அந்திக்கிறிஸ்து என்கிறது. இதனால்தான் 2001-க்குப் பிறகு பலர், கடைசிக் காலத்தில் வருவார் என்று முஸ்லிம்கள் எதிர்பார்க்கிற மஹ்திதான் அந்திக்கிறிஸ்து, அந்த ஈசாதான் கள்ளத்தீர்க்கதரிசி என்று எழுதத் தொடங்கினார்கள். அதை நான் முழுசாக ஏற்கவில்லை. ஆனாலும் யோவானின் வசனத்தை என்ன செய்வது?

ரூத்தின்வயல் எழுதியது:

அண்ணே, மூன்று வசனம் மேலே போய் 2:19-ஐ வாசியுங்கள். "அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்துபோனார்கள்." யோவான் பேசுவது சபைக்குள் இருந்து, ஞானஸ்நானம் எடுத்து, அப்பம் பிட்டு, பிறகு குமாரனை மறுத்தவர்களைப் பற்றி. "அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்று 18-ல் தன் காலத்திலேயே சொல்கிறார். தமஸ்கு யோவான் இஸ்லாமைக் கிறிஸ்தவத்திலிருந்து பிரிந்த ஒரு துர்உபதேசமாகப் பார்த்ததால் அந்த வசனம் அவருக்குப் பொருந்தியது போலத் தெரிந்தது. ஆனால் எதிர்வீட்டு மாமா நம்மை விட்டு எங்கே பிரிந்துபோனார்? அவர் நம்மிடத்தில் ஒருநாளும் இருந்ததில்லையே.

சிலுவையைப் பற்றி நீங்கள் சொன்னதில் நான் உங்களோடு இருக்கிறேன். அது மறைக்கக்கூடாத வித்தியாசம். மறைக்காமல் சொல்லவேண்டும் என்பதால்தான், அவர் காது கொடுக்கிற மாதிரி பேச வேண்டும் என்கிறேன். ஹென்றி மார்ட்டின் கான்பூரிலிருந்து கிளம்பி 1811-ல் ஷீராசுக்குப் போய், அங்குள்ள அறிஞர்களோடு உட்கார்ந்து பேசி, புதிய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் முடித்தார். அடுத்த வருஷம் தொகாத் ஊரில் 31 வயதில் இறந்துபோனார். தன் எதிரில் இருந்தவர்களை மிருகம் என்று நினைத்திருந்தால் அவர்கள் மொழியில் ஒவ்வொரு வசனமாகத் தேடித் தேடி எழுதியிருப்பாரா?

மஹ்தி விஷயத்துக்கு ஒரு வரி போதும். அந்தப் பெயர் குர்ஆனிலேயே இல்லை. சுன்னியும் ஷியாவும் அதில் ஒன்றுபடவில்லை. அவர்களுக்குள்ளேயே முடியாத விஷயத்தின்மேல் நாம் நம் தீர்க்கதரிசனத்தைக் கட்டவேண்டாம்.

காயல்அலை எழுதியது:

எக்காளம் அண்ணனுக்கு: மன்னிப்பெல்லாம் வேண்டாம், நீங்கள் நேராகப் பேசியது பிடித்திருக்கிறது. சிலுவை விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம். ரூத் அக்கா எழுதிய காட்டுக்கழுதை விளக்கத்தை என் வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இஸ்மாயீல் என்ற பெயருக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார்.

ரூத்தின்வயல் எழுதியது:

தெரியும் தம்பி. கடவுள் கேட்கிறார் என்பது அர்த்தம். 21:17-ல் பிள்ளை அழுதபோது அப்படியே நடந்தது. "பிள்ளையிருக்கும் இடத்தில் தேவன் அவன் சத்தத்தைக் கேட்டார்."

குமரித்தென்றல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு முறை முழுசாக வாசித்தேன். நேற்று சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். ராத்திரி சொன்னது தப்பு, அதற்கு நானும் ஆமென் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். சாயா போடச் சொன்னார். இயேசுவைப் பற்றி நீ என்ன நம்புகிறாய் என்று அவரே கேட்டார், ஒரு மணி நேரம் பேசினோம்.

ஞாயிறு வேதபாடத்தை ஆதியாகமம் 16, 17-லிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பிறகு 25:9. ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து ஆபிரகாமை மக்பேலா குகையில் அடக்கம் பண்ணினார்கள். ஏசாயா 60-ல் முடிக்கலாம். வெளி. 9-ஐ அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். ரூத் அக்கா, ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

ரூத்தின்வயல் எழுதியது:

25:9-ல் நிறுத்திவிடாதீர்கள், இரண்டு வசனம் தாண்டுங்கள். அப்பா இறந்தபிறகு ஈசாக்கு எங்கே குடியிருந்தான் என்று 25:11-ல் இருக்கிறது. லகாய்ரோயீ என்னும் துரவண்டையில். ஆகார் ஓடிவந்து உட்கார்ந்திருந்தபோது கடவுள் அவளைக் கண்ட அதே துரவு.

குமரித்தென்றல் எழுதியது:

அக்கா, இத்தனை வருஷம் வாசித்தும் இது கண்ணில் படவே இல்லை. ஞாயிறு அங்கிருந்தே தொடங்குகிறேன்.